விட்டுக்கொடுத்த வெற்றி

குழந்தைகளோடு விளையாடும் பெரியவர்கள் தோற்றுக் கொடுப்பது எங்கும் காணும் வழக்கம். ஓட்டப் பந்தயத்தில் தந்தை மூச்சு வாங்குவதாகப் பாவனை செய்து நின்று விடுவார். பல்லாங்குழியில் பாட்டியார் சோழியை எண்ணத் தவறுவார். காகிதத்தில் விமானம் மடித்துப் பறக்க விடும்போது மாமா தம் விமானத்தைத் தரையை நோக்கி எறிந்துவிட்டு, "அடடா, போய்விட்டதே!" என்பார். குழந்தை துள்ளிக் குதிக்கும். சூழ இருப்போர் மகிழ்வர். இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். பொய்யை எல்லாத் தீமைகளின் வாயிலாகக் கருதும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். இளையவர்பால் இரக்கம் காட்டாதவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கேட்டு வளர்ந்தவர்களும் நாமே. தெரிந்தே தோற்பது இவ்விரண்டில் எதன்பாற்பட்டது? கருணையா, பொய்யா? வீடுதோறும் அன்றாடம் நிகழும் ஒரு செயலைப் பற்றிய கேள்வி இது. ஆதலால் சிறிய கேள்வி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

விளையாட்டே வீண் என்று கருதுவோர் உளர். அவர்களோடு நெடிது வாதிடப் போவதில்லை. பள்ளி விட்டு வரும் சிறுவனை நல்ல விளையாட்டில் ஈடுபட விடவேண்டும், விளையாட்டைத் தடுத்து ஓயாது பாடத்திலேயே அழுத்தினால் அவன் உள்ளம் மரத்துப்போகும், படிப்பிலிருந்து தப்பும் தந்திரங்களைத் தேடுவான் என்னும் கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் எழுதி ஒன்பது நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. ஓடி விளையாட யூஸுஃபை அனுப்புங்கள் என்று மூத்த மைந்தர்கள் கேட்டபோது, யஃகூப் (அலை) அவர்கள் ஓநாய்க்கு அஞ்சினார்களேயன்றி விளையாட்டைக் குறை கூறியதாகத் திருமறையில் இல்லை. இவ்வளவு போதும்.

காகித விமானத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மற்ற விளையாட்டுகளில் பெரியவரின் நடிப்பு எளிதில் மறைந்துவிடும். காகிதத்திலோ மறைவதில்லை; காகிதம் யாருக்கும் முகத்துதி செய்யாது. ஒரு தாளை நெடுவாட்டில் இரண்டாக மடித்து, முன்முனைகள் இரண்டையும் நடுக்கோட்டிற்குக் கொணர்ந்து, மீண்டும் ஒருமுறை மடித்து, பின்னர்ச் சிறகுகளை விரிக்கின்றோம். இத்தனை மடிப்பும் எதற்கு? தாளின் கனத்தை முன்பக்கம் சேர்ப்பதற்கு. மூக்கு இலேசாக இருந்தால் விமானம் மேல்நோக்கி நிமிரும், வேகம் குன்றும், பின் திடீரென விழும். ஒரு சிறகு மற்றொன்றைவிடச் சற்றுப் பெரியதாகவோ வளைந்தோ இருந்தால் பக்கவாட்டில் திரும்பிச் சுவரில் மோதும். சிறகின் பின்விளிம்பை மயிரிழை அளவு மேல்நோக்கி வளைத்தால் தலைகுப்புற வீழ்வது நிற்கும். அதையே மிகுதியாக வளைத்தால் மீண்டும் நிமிர்ந்து விழும். ஆக, விழுகின்ற ஒவ்வொரு விமானமும் தான் விழுந்த காரணத்தைத் தன்னிடத்திலேயே வைத்திருக்கின்றது. குனிந்து எடுத்துப் பார்ப்பவனுக்கு அது தெரியும். எட்டு வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் அண்டை வீட்டு மாடியில் நான் கண்டது இது. தந்தையும் மகளும் ஆளுக்கொரு விமானம் செய்து எறிந்துகொண்டிருந்தனர். மூன்று முறை மகள் தோற்றாள், முகம் வாடியது. நான்காம் முறை தந்தையின் விமானம் அவர் காலடியிலேயே விழுந்தது. மகள் உடனே மகிழவில்லை. "வாப்பா, நீங்க வேணும்னே கீழே எறிஞ்சீங்கதானே?" என்றாள். "இல்லம்மா, கை வழுக்கிடுச்சு" என்றார் அவர். அவள் ஒன்றும் பேசாது தந்தையின் விமானத்தை எடுத்து, தானே எறிந்து பார்த்தாள். அது மாடியின் மறுகோடிச் சுவரைத் தொட்டு விழுந்தது. அவள் விமானம் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். தந்தை என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர், மகள்மீது உயிரையே வைத்திருப்பவர். அவர் செய்தது அன்பினால் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அச்சிறுமி தனக்குக் கிடைத்த வெற்றியைச் சோதித்துப் பார்த்துச் செல்லாக்காசு என்று கண்டுகொண்டதும், அன்பினால் அச்சிடப்பட்ட காசாயினும் அது கள்ளக்காசே என்று கண்டுகொண்டதும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

நம் நூல்கள் இதுபற்றி என்ன கூறுகின்றன என்று நோக்குவோம். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராயிருந்தபோது அவர்தம் அன்னையார், ஒன்று தருவதாகச் சொல்லி அவரை அழைத்தார். அங்கிருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க எண்ணினீர் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அன்னை. ஒன்றும் கொடாதிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்னும் கருத்துப்பட அண்ணலார் எச்சரித்தார்கள். அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இது. குழந்தையிடம் சொல்வது கணக்கில் சேராது என்று எண்ணுவோர்க்கு இதற்கு மேல் விடை வேண்டியதில்லை. பிறிதோர் அறிவிப்பு முஸ்லிமில் இருக்கின்றது. உம்மு குல்ஸூம் பின்த் உக்பா (ரலி) வாயிலாக வரும் அதில், பொய்க்குச் சலுகை தரப்பட்ட இடங்கள் மூன்று: போர், மக்களிடையே சமாதானம் செய்தல், கணவன் மனைவியரிடையே நிகழும் பேச்சு. குழந்தைகள் இப்பட்டியலில் இல்லை.

இத்துடன் முடிந்தது, தீர்ப்பு எழுதிவிடலாம் என்று தோன்றும். ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அவ்வளவு விரைந்து எழுதவில்லை. பொய்யின் சலுகைகளை ஆராயும் பகுதியில் குழந்தையையும் அவர்கள் கொண்டு வருகின்றார்கள். வாக்களித்தோ அச்சுறுத்தியோ அன்றி மக்தபுக்குச் செல்ல விரும்பாத சிறுவனிடம், மெய்யல்லாத வாக்கும் மெய்யல்லாத அச்சுறுத்தலும் கூட ஆகுமானவையே என்கின்றார்கள். உடனே ஒரு கடிவாளமும் போடுகின்றார்கள்: ஆகுமான பொய்யும் எழுதப்படும், அதைச் சொன்னவன் எந்நோக்கத்தில் சொன்னான் என்று விசாரிக்கப்படுவான், நோக்கம் செம்மையாயிருந்தால் அதன்பின் மன்னிக்கப்படுவான். இதில் வழுக்குமிடம் ஒன்றுண்டு என்றும் எச்சரிக்கின்றார்கள். பொய் சொல்பவனைத் தூண்டுவது பெரும்பாலும் அவனுடைய சொந்த விருப்பமே. பிறர் நன்மைக்காக என்பது வெளித்தோற்றமாகவே இருந்துவிடக்கூடும்.

மாடியில் நின்ற தந்தையிடம் இந்த விசாரணையை நிகழ்த்திப் பாருங்கள். எதற்காகத் தோற்றீர்? மகளின் வாட்டம் நீங்க. மகளின் வாட்டம் நீங்கவா, அவ்வாட்டத்தைக் காணும் உம் சங்கடம் நீங்கவா? இவ்விரண்டும் ஒன்றல்ல. இன்னொரு வகையினரும் உளர்: விளையாட்டு விரைவில் முடிந்தால் கைப்பேசியை எடுக்கலாம், செய்தி பார்க்கலாம் என்பதற்காகவே தோற்பவர்கள். அவர்களுடைய தோல்வி கருணையின் உடையணிந்த சோம்பல். மூக்கின் கனம் பற்றியும் வாலின் வளைவு பற்றியும் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க அரைமணி நேரம் வேண்டும்; தோற்றுக் கொடுக்க ஒரு விநாடி போதும்.

வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளில், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்றே கருதுகின்றார். அக்குறளைச் சலுகைச் சீட்டாகக் கையில் வைத்திருப்போர் பலர். ஆனால் அவர் இட்ட நிபந்தனை எத்துணைக் கடுமையானது! வெறும் நன்மை போதாது. மாசு படியாத நன்மையாதல் வேண்டும். பொய் வெற்றி தருகின்ற நன்மையில் மாசு உண்டா என்பதே கேள்வி. உண்டு என்பேன். தன் விமானத்தின் மூக்கு இலேசானது என்பதைக் குழந்தை அறியாமற் போகின்றது. வென்ற விமானத்தை யாரும் பிரித்துத் திருத்துவதில்லை.

ஈண்டு, குர்துபாவின் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் நினைவுக்கு வருகின்றார். கி.பி. 887இல் மறைந்த அவ்வறிஞர் உடலில் இறகுகளைப் போர்த்து, இரு சிறகுகள் அமைத்துக்கொண்டு உயரத்திலிருந்து பறக்க முயன்றார். சிறிது தொலைவு காற்றில் சென்றார் என்றும் இறங்குகையில் முதுகுப்புறம் அடிபட்டார் என்றும் 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மக்கரீ எழுதுகின்றார். அடிபட்ட காரணத்தையும் மக்கரீ சொல்கின்றார்: பறவை தன் வாலைக் கொண்டே இறங்குகின்றது, அவரோ வால் அமைக்கவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் இப்னு ஃபிர்னாஸைப் பற்றிப் பயனுறப் பேச முடிவது, சிறகைப் புகழ்ந்ததோடு நில்லாமல் வால் இல்லாத குறையையும் அவ்வரலாறு காத்து வைத்ததனால்தான். அவர்மீது அன்பு கொண்ட எவரேனும் இறக்கம் நன்றாகவே இருந்தது என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் அதிலிருந்து யார் எதைக் கற்றிருப்பார்?

சரி, குழந்தையை ஓயாது தோற்கடித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? அதுவும் அறமாகாது. நாற்பது வயதினரின் தோளும் எட்டு வயதினரின் தோளும் ஒன்றல்ல. இதற்கு வழி ஃபிக்ஹு நூல்களிலேயே இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. குதிரைப் பந்தயம் பற்றிய பாடத்தில் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' சில நிபந்தனைகளைக் கூறும். புறப்படும் இடமும் முடியும் இடமும் தெரிந்திருத்தல் வேண்டும். குதிரைகள் எவை என்று குறிக்கப்படுதல் வேண்டும். அவற்றுள் ஒவ்வொன்றும் வெல்லக்கூடியதாக இருத்தலும் வேண்டும். ஒன்று முந்துவது முன்கூட்டியே உறுதியென்றால் அது பந்தயமே அன்று. இவ்விதியை மாடிக்குக் கொண்டு வந்தால், தந்தை முழு வலிமையோடு எறிந்து வெல்வதும் பந்தயமன்று. வேண்டுமென்றே தோற்பதும் பந்தயமன்று. முன்னதில் குழந்தை வெல்ல வழியில்லை. பின்னதில் தந்தை வெல்ல வழியில்லை.

அண்ணலார் (ஸல்) நடத்திய குதிரைப் பந்தயத்தில் என்ன செய்தார்கள் என்பதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கின்றார்கள். அவர்களே அதில் குதிரை ஓட்டியவர்கள். பயிற்சி பெற்று மெலியவைக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா முதல் ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டம். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஓட்டம். முன்னது ஐந்தாறு மைல், பின்னது ஏறக்குறைய ஒரு மைல் என்று புகாரீயில் விளக்கம் வருகின்றது. வலிய குதிரையை மெதுவாக ஓடுமாறு பணிக்கவில்லை. எளிய குதிரை வென்றதாக அறிவிக்கவும் இல்லை. எல்லையை வேறாக்கினார்கள், அதுவும் எல்லோரும் அறிய, ஓட்டம் தொடங்குமுன். மறைவில் தோற்றுக் கொடுப்பதற்கும் வெளிப்படையாக எல்லையை மாற்றித் தருவதற்கும் உள்ள வேறுபாட்டிற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. "நான் இடக்கையால் எறிவேன், நீ வலக்கையால் எறி. நான் அந்தத் தூணிலிருந்து, நீ இந்தக் கோட்டிலிருந்து" என்று சொல்லிவிட்டு, பின்னர் உள்ளபடியே எறியும் தந்தை பொய்யரும் அல்லர், கல்நெஞ்சரும் அல்லர்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு அண்ணலார் ஓடிய ஓட்டத்தை இதற்கு எதிராகக் காட்டுவோர் உண்டு. முதல்முறை அன்னையார் முந்தினார்கள், அண்ணலார் விட்டுக்கொடுத்தார்கள் என்று சில மேடைகளில் கேட்டிருக்கின்றேன். அறிவிப்பில் அப்படி இல்லை. பின்னொரு நாள், அன்னையாரின் உடல் கனத்திருந்தபோது, அண்ணலார் முந்திவிட்டு, அதற்கு இது ஈடு என்று சொன்னதாகவே அபூதாவூதில் இருக்கின்றது. முதல் வெற்றி மெய்யாக இல்லாதிருந்தால் ஈடு என்ற பேச்சுக்கே இடமில்லையே. அவர்களிடையே நிகழ்ந்த இன்னொன்றும் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. இளம் ஆயிஷாவின் பொம்மைகளினிடையே துணித்துண்டுகளால் ஆன இரு சிறகுகளுடன் ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கும் சிறகா என்று அண்ணலார் வியந்து கேட்டார்கள். ஸுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்தனவாமே, தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று மறுவினா வந்தது. கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு அண்ணலார் சிரித்தார்கள். அப்பேச்சில் வென்றவர் ஆயிஷா. அது அவர் தாமே வென்றது. இளையவர் உண்மையாகவே வெல்லக்கூடிய இடத்திற்குச் சென்று அமர்வதும் பெரியவர்க்குரிய கருணைகளில் ஒன்று.

காகித விமானத்தில் அத்தகைய இடம் இருக்கின்றது. கூரிய மூக்குடைய ஈட்டி போன்ற விமானத்திற்கே தோள் வலிமை வேண்டும். சிறகு அகன்ற வகையோ மெல்லக் கைவிடுவதையே விரும்பும். வலிந்து எறிந்தால் மேலே வளைந்து கவிழும். தொலைவை அளக்காது, காற்றில் நிற்கும் நேரத்தை அளந்தால் குழந்தையின் மென்கைக்கும் தந்தையின் வன்கைக்கும் இடைவெளி பெரிதும் சுருங்கிவிடும். போட்டியையே விட்டுவிட்டு ஒரே அணியாகவும் ஆகலாம். 2012 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் விமானத்தளக் கொட்டகை ஒன்றில் 69.14 மீட்டர் பறந்து அந்நாளைய உலகச் சாதனையை முறியடித்த காகித விமானத்தை மடித்தவர் ஜான் காலின்ஸ். எறிந்தவர் அவரல்லர், அமெரிக்கக் கால்பந்தில் பந்தெறிந்து பழகிய ஜோ அயூப். மடிக்கும் நுண்மை ஒருவரிடமும் எறியும் வலிமை மற்றொருவரிடமும் இருந்தன. மகள் மடித்து வாப்பா எறிந்தால் அங்கே யார் யாருக்குத் தோற்க வேண்டும்?

ஒரு சிறு விலகல். சொல்லாமல் விட மனமில்லை. எந்தத் தாளை மடிப்பது என்பதையும் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் நாட்காட்டித் தாளைக் கிழித்தவுடன் குழந்தைகள் அதைத்தான் விமானமாக்குகின்றனர். ஹிஜ்ரீ தேதியோடு இறைவசனமும் நபிமொழியும் அச்சான தாள் அது. பறந்து எங்கே விழும், யார் மிதிப்பர் என்று தெரியாது. இறைவன் திருப்பெயர் எழுதிய துண்டை மண்ணிலிருந்து எடுத்து நறுமணம் பூசி வைத்ததிலிருந்தே பிஷ்ருல் ஹாஃபீ (ரஹ்) அவர்களின் வாழ்வு திரும்பியது என்று சொல்லப்படும் சமுதாயம் நாம். ஒருபக்கம் எழுதி முடித்த கணக்கு நோட்டுத் தாள் விமானத்திற்கு மிக நன்று, வீண்விரயமும் ஆகாது.

மீண்டும் கேள்விக்கு வருவோம். மிகச் சிறிய குழந்தைகள் வேறு. மூன்று வயதுப் பிள்ளைக்குப் போட்டி என்பதே தெரியாது. அதன் கை பட்டவுடன் நாம் விழுவதும், அது எறிந்த தாள் நம்மேல் மோதியதாகக் கூவுவதும் கூத்து. கூத்தில் பொய்யில்லை; இருவரும் ஆடுகின்றனர். நன்மை தீமை பிரித்தறியும் தம்யீஸ் பருவம், ஏறத்தாழ ஏழு வயது, வந்தபின்தான் "வேணும்னே விட்டீங்களா?" என்ற கேள்வி பிறக்கின்றது. அக்கேள்வி பிறந்த கணத்தில் கூத்து முடிந்து சாட்சியம் தொடங்குகின்றது. அதுவரை கையால் செய்ததைக் கருணை என்று ஒருவாறு சொல்லலாம். "இல்லை" என்று நாவால் சொன்னபின் அதற்குப் பேரீச்சம்பழ நிகழ்ச்சியின் பெயரே பொருந்தும். ஆம், விட்டுக்கொடுத்தேன், உன் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை என்று அத்தந்தை சொல்லியிருந்தால் மகள் சற்றுச் சினந்திருப்பாள். பின்னர் மறுபடியும் எறிந்திருப்பாள் என்றே நினைக்கின்றேன்.

தோல்வியைத் தாங்குவது எளிதன்று என்பதையும் மறுப்பதற்கில்லை. அண்ணலாரின் ஒட்டகம் அள்பாவை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒரு நாட்டுப்புறத்தார் இளம் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். நபித்தோழர்களுக்கு அது பொறுக்கவில்லை என்று அனஸ் (ரலி) அறிவிக்கின்றார்கள். வளர்ந்த, போர்க்களம் கண்ட மனிதர்களுக்கே ஓர் ஒட்டகம் தோற்றது பொறுக்கவில்லை! அண்ணலார் அதை முகத்திலேயே கண்டுகொண்டார்கள். மறுபந்தயம் வைக்கவில்லை, காரணம் கற்பிக்கவில்லை. இவ்வுலகில் உயரும் எதையும் தாழச் செய்வதை இறைவன் தன்மீது கடமையாக்கிக்கொண்டுள்ளான் என்று மட்டும் உணர்த்தினார்கள். காகிதத்தை எறிந்து அது இறங்குவதைப் பார்த்து நிற்கும் எந்தக் குழந்தைக்கும் இதை எடுத்துச் சொல்ல முடியும். சொல்பவர் தாமும் மெய்யாகத் தோற்றுப் பழகியவராக இருந்தால்.

இன்னொரு பக்கம் எஞ்சி நிற்கின்றது. அதற்கு என்னிடம் முடிந்த விடை இல்லை. அதே மகள் முப்பது வயதாகித் தன் பிள்ளைகளோடு தந்தை வீட்டுக்கு வருவாள். மாடியில் பேரக்குழந்தைகளுடன் காகித விமானம் பறக்கும். எழுபதைக் கடந்த தந்தையின் கை நடுங்கும். அவர் விமானம் மூன்று முறையும் காலடியில் விழும். நான்காம் முறை அவள் தன் விமானத்தைச் சற்றுத் தாழ எறிவாள். பெற்றோர்க்குப் பணிவெனும் சிறகைத் தாழ்த்துமாறு திருமறை கட்டளையிடுகின்றது. குழந்தைக்குத் தோற்பதைப் பற்றி மேலே சொன்னவையெல்லாம் அவ்விடத்தில் அப்படியே செல்லுமா? குழந்தைக்கு மூக்கின் கனத்தை அறிந்து திருத்திக்கொள்ள நாள் இருக்கின்றது. முதியவர்க்குத் திருத்திக்கொள்ள ஒன்றுமில்லை என்பார் ஒருவர். எழுபது வயதினரும் பொய் வெற்றியைத் தொட்டுப் பார்த்த அளவில் அறிவார், அறிந்தும் மகளுக்காக வாய் திறவாதிருப்பார் என்பார் மற்றொருவர். அவர் கேட்டால் அவள் என்ன விடை சொல்வாள் என்பதைப் பொறுத்தது அது என்றே எனக்குத் தோன்றுகின்றது. பெரும்பாலும் அவர் கேட்கமாட்டார்.